முதிய நட்சத்திரத்தைச் சுற்றும் வாயு வட்டு: புதுவையிலோ கடலூரிலோ இருந்தபடி ஆராய்ச்சியைத் தொடங்குவது எப்படி?

எம்எஸ்சி ப்ராஜெக்டுக்கு வானியல் எடுக்கலாமா என்று தயங்குகிறவர்களுக்கும், பிஎஸ்சி முடித்துவிட்டு ஒரு லேப்டாப்போடு வீட்டில் இருக்கிறவர்களுக்கும் இதை எழுதுகிறேன். இந்த வேலைக்குத் தேவையானவை எல்லாமே இணையத்தில் கிடைக்கின்றன. எதை முதலில் செய்வது, எதை விட்டுவிடுவது என்பது மட்டும் எங்கும் எழுதியிருக்காது. காலாப்பட்டிலோ மஞ்சக்குப்பத்திலோ உட்கார்ந்துகொண்டு கேட்பதற்கு ஆளும் கிடைக்காது. நான் பட்ட திண்டாட்டம் உங்களுக்கு வேண்டாம்.

வேலை இதுதான். வயதான சிவப்பு ராட்சத நட்சத்திரம் ஒன்று தன் மேலுறையை வாயுவாக வெளியே தள்ளிக்கொண்டிருக்கிறது. அந்த வாயுவில் ஒரு பகுதி, ஓடிப்போகாமல் வட்டாகப் படிந்து நட்சத்திரத்தைச் சுற்றுகிறது. எந்தத் தூரத்தில் எவ்வளவு வேகம் என்று அளந்தால் நடுவிலிருக்கும் நட்சத்திரத்தின் நிறை தெரிந்துவிடும். இதற்கு நீங்கள் தொலைநோக்கி வாங்க வேண்டாம், நேரம் கேட்டு விண்ணப்பிக்கவும் வேண்டாம். சிலி நாட்டின் அட்டகாமா பாலைவனத்தில், 5,000 மீட்டர் உயரத்தில், 66 ஆன்டெனாக்களோடு இயங்கும் அல்மா தொலைநோக்கி ஏற்கனவே எடுத்து வைத்த தரவு பொதுவில் கிடக்கிறது.

செலவு என்று பார்த்தால் ஒரு வெளிப்புற ஹார்ட் டிஸ்க், இன்டர்நெட் கட்டணம், சான்றிதழ்களுக்கு அலைகிற பஸ் காசு. மென்பொருள் எதற்கும் பணம் கிடையாது. ஒரு செமஸ்டர் போதும். ஆனால் ஜனவரியில் தொடங்கும் செமஸ்டருக்கு நவம்பரிலேயே தரவை இறக்க ஆரம்பித்துவிட வேண்டும். காரணத்தை 5ஆம் படியில் சொல்கிறேன்.

1. நட்சத்திரத்தை ஒன்றோடு நிறுத்துங்கள்

ஆர்வத்தில் பத்து நட்சத்திரங்களின் பட்டியலோடு வருகிறவர்கள் அதிகம். ஒன்று போதும், அது எல்2 பப்பிஸ் என்பது என் பரிந்துரை. காரணம் மூன்று.

முதலாவது, அது பக்கத்தில் இருக்கிறது: சுமார் 64 பார்செக், அதாவது 210 ஒளியாண்டுக்குச் சற்றுக் குறைவு. இரண்டாவது, அதன் வட்டு நமக்குக் கிட்டத்தட்ட விளிம்புப் பக்கமாகத் தெரிகிறது. சாய்வு சுமார் 82 பாகை. சுழற்சியை அளக்க இதைவிட வசதியான கோணம் கிடைக்காது. மூன்றாவது, விடை ஏற்கனவே வெளியாகியிருக்கிறது. பியர் கெர்வெல்லா குழு 2015இல் அல்மாவில் எடுத்த தரவை வைத்து 2016இல் வெளியிட்ட கட்டுரையில், நட்சத்திரத்தின் நிறை சூரியனைப் போல் 0.659 மடங்கு என்று வருகிறது. புதிதாகக் கற்கிறவருக்கு விடை தெரிந்த கணக்குதான் பாதுகாப்பு. உங்கள் எண் 0.3 என்றோ 2 என்றோ வந்தால் எங்கோ பிசகியிருக்கிறது என்று அன்றைக்கே தெரிந்துவிடும்.

பெயரில் கவனம் வேண்டும். சிம்பாட் தரவுத்தளத்தில் இதை ஹெச்டி 56096 என்ற எண்ணிலும் தேடலாம். எல்1 பப்பிஸ் என்று இன்னொன்று, வானில் அரைப் பாகை தெற்கே, இருக்கிறது. அதற்கும் நம் வேலைக்கும் சம்பந்தமே இல்லை.

வேறு நட்சத்திரம்தான் வேண்டும் என்றால், வட்டின் சாய்வை முதலில் பாருங்கள். ஈபி அக்வாரி நமக்கு ஏறக்குறைய நேர்முகமாகக் கிடக்கிறது. அதில் சுழற்சி வேகத்தை அளக்க முயல்வது வீண். ரெட் ரெக்டாங்கிள் அழகான பொருள், அதன் வட்டு சுழல்வதும் நன்றாக நிறுவப்பட்டது. ஆனால் அது எல்2 பப்பிஸைப் போலப் பத்து மடங்குக்கும் மேலான தூரத்தில் இருக்கிறது. அடுத்த ப்ராஜெக்டுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

2. கம்ப்யூட்டரைத் திறக்கும் முன் காகிதத்தில் கணக்கு

இதைத் தாண்டிப் போகாதீர்கள். பூமி சூரியனை நொடிக்கு ஏறக்குறைய 29.8 கிலோமீட்டர் வேகத்தில் சுற்றுகிறது. நிறையைச் சூரிய நிறையிலும், தூரத்தை வானியல் அலகிலும் (பூமிக்கும் சூரியனுக்கும் இடையிலான சராசரித் தூரம் 1 அலகு) எழுதினால்,

வேகம் = 29.8 × √(நிறை ÷ தூரம்)

நிறை 0.66 என்று வைத்தால் 2 வானியல் அலகில் வேகம் சுமார் 17 கிலோமீட்டர், 4இல் 12, 6இல் 10. இந்த மூன்று எண்களையும் நோட்டில் எழுதி வையுங்கள். பின்னால் திரையில் நொடிக்கு 60 கிலோமீட்டர் என்று ஏதாவது தெரிந்தால் அது வட்டின் சுழற்சி இல்லை என்று உடனே சொல்லிவிடலாம்.

அடுத்து, வானத்தில் அது எவ்வளவு பெரியது? 64 பார்செக் தூரத்தில் 1 வானியல் அலகு என்பது 15.6 மில்லி வில்நொடி (ஒரு பாகையில் 36 லட்சத்தில் ஒரு பங்குதான் ஒரு மில்லி வில்நொடி). 6 வானியல் அலகு என்றால் 94 மில்லி வில்நொடி. 2015இன் அல்மா தரவில் பிரிதிறன் சுமார் 15 மில்லி வில்நொடி. அதாவது ஒரு பீமுக்குள் (தொலைநோக்கி பிரித்துக் காட்டும் மிகச் சிறிய புள்ளிக்குள்) ஏறக்குறைய 1 வானியல் அலகு அடங்குகிறது. இதைவிட மங்கலான பிரிதிறனில் எடுத்த தரவும் அதே நட்சத்திரத்துக்கு ஆவணக் காப்பகத்தில் இருக்கும். அதை இறக்கினால் வட்டு முழுவதும் ஒரே புள்ளியாகத் தெரியும், செமஸ்டரும் போய்விடும்.

கடைசியாக அதிர்வெண். ஒவ்வொரு மூலக்கூறும் குறிப்பிட்ட அதிர்வெண்களில் மட்டும் ஒளி விடும், அதைத்தான் கோடு என்கிறோம். கார்பன் மோனாக்சைடின் 3-2 கோடு 345.796 கிகாஹெர்ட்ஸில் இருக்கிறது. எல்எஸ்ஆர் சட்டகத்தில், அதாவது சூரியனைச் சுற்றியுள்ள நட்சத்திரங்களின் சராசரி இயக்கத்தோடு ஒப்பிட்டால், நட்சத்திரம் நொடிக்குச் சுமார் 33 கிலோமீட்டர் வேகத்தில் விலகுவதால், அந்தச் சட்டகத்தில் அது 345.758 கிகாஹெர்ட்ஸ் பக்கம் தெரியும். அந்த அதிர்வெண்ணில் நொடிக்கு 1 கிலோமீட்டர் என்பது 1.15 மெகாஹெர்ட்ஸ். தரவின் சேனல் அகலம் இதைவிடக் குறைவாக இருக்க வேண்டும்.

தூரத்தைப் பற்றி ஒரு எச்சரிக்கை. எல்லோரும் கையா விண்கலம் அளந்த இடமாறு கோணத்தை (பூமி சூரியனைச் சுற்றும்போது நட்சத்திரம் இடம் மாறித் தெரியும் அளவு, தூரம் இதிலிருந்துதான் வருகிறது) கண்ணை மூடிக்கொண்டு எடுத்துப் போடுகிறார்கள். இந்த நட்சத்திரத்தின் கோண விட்டம் சுமார் 18 மில்லி வில்நொடி. அதன் இடமாறு கோணமே 15.6தான். அதாவது நட்சத்திரம் தன் இடமாறு கோணத்தைவிடப் பெரிதாகத் தெரிகிறது, மேற்பரப்பும் கொதித்துக்கொண்டே இருக்கிறது. இப்படிப்பட்டவற்றுக்குத் தானியங்கி அளவீட்டை நம்ப முடியாது. 2016 கட்டுரை கையாவுக்கு முந்தைய ஹிப்பார்க்கோஸ் விண்கலத்தின் அளவைத்தான் எடுத்தது, நீங்களும் அதையே எடுங்கள். தூரத்தில் 6 சதவீதம் பிசகு இருந்தால் நிறையிலும் அதே 6 சதவீதம் பிசகு வரும். வைவாவில் இதைக் கட்டாயம் கேட்பார்கள்.

3. கட்டுரைகள்: இரண்டைப் படியுங்கள், இருபதை அல்ல

வானியல் கட்டுரைகளைத் தேடும் நாசா ஏடிஎஸ் தளத்தில் நட்சத்திரத்தின் பெயரைப் போட்டுத் தேடினால் வரும் பட்டியல் மிரட்டும். 2016 கெர்வெல்லா கட்டுரையும், அதே தரவை வைத்து வாயு வட்டின் அமைப்பைக் கதிர்வீச்சுக் கடத்தல் மாதிரியால் (ஒளி வாயுவுக்குள் எப்படிப் பயணிக்கிறது என்ற கணினிக் கணக்கால்) விளக்கிய 2017 ஹோமன் கட்டுரையும் போதும். இரண்டும் ஆர்க்சைவ் என்ற திறந்த கட்டுரைத் தளத்தில் இலவசம். கட்டுரைக்குப் பணம் கேட்கும் பக்கம் வந்தால் மூடிவிட்டு ஆர்க்சைவில் தேடுங்கள்.

படிக்கும்போது ஒன்றைக் குறித்துக்கொள்ளுங்கள். 2016 கட்டுரை நட்சத்திரத்திலிருந்து சுமார் 2 வானியல் அலகில் ஒரு துணைப்பொருள் இருக்கக்கூடும் என்கிறது. அதன் நிறை வியாழனைப் போல் 12 மடங்கு, பிழை எல்லை கூட்டியும் கழித்தும் 16. பிழை அளவைவிடப் பெரியது என்றால் என்ன பொருள் என்று உங்களுக்கே தெரியும். ‘கோள் கண்டுபிடிக்கப்பட்டது’ என்று ப்ராஜெக்ட் அறிக்கையில் எழுதிவிடாதீர்கள்.

4. கம்ப்யூட்டரைத் தயார் செய்வது

16 ஜிபி ராம் இருந்தால் நிம்மதி. 8 ஜிபியிலும் நடக்கும், கியூபை (6ஆம் படியில் வரும் தரவுக் கோப்பை) வெட்டிச் சிறிதாக்கிக்கொண்டு. 1 டெராபைட் ஹார்ட் டிஸ்க் ஒன்று வேண்டும். வாங்கிவிடுங்கள், பென் டிரைவில் சமாளிக்கலாம் என்று நினைக்க வேண்டாம்.

வேண்டிய மென்பொருள்கள் மூன்று: தரவைக் கையாளக் காசா, படத்தைப் பார்க்கக் கார்ட்டா, கணக்குப் போடப் பைத்தானும் அதில் ஆஸ்ட்ரோபை, ஸ்பெக்ட்ரல்கியூப் என்ற தொகுப்புகளும். காசா விண்டோஸில் நேரடியாக ஓடாது. விண்டோஸை அழித்துவிட்டு லினக்ஸ் போடச் சொல்லி நண்பர்கள் யோசனை சொல்வார்கள். தேவையில்லை. விண்டோஸுக்குள்ளேயே லினக்ஸை ஓட்ட உதவும் டபிள்யூஎஸ்எல் வழியாக, உபுண்டு என்ற லினக்ஸை உள்ளேயே நிறுவிக்கொள்ளலாம்.

காசாவை இரண்டு விதமாக நிறுவலாம். பைத்தான் தொகுப்பாகத் துண்டு துண்டாகப் போடும் வழியில் பைத்தான் பதிப்பு பொருந்தாமல் பல மாலைகள் வீணாகும். முழுத் தொகுப்பாக ஒரே கோப்பில் வருவதை இறக்கி விரித்துக்கொள்ளுங்கள். அதற்குள்ளேயே அதற்கு வேண்டிய பைத்தானும் இருக்கிறது.

பழக, காசா வழிகாட்டிப் பக்கங்களில் இரண்டு பாடங்கள் இருக்கின்றன. ஒன்று டிடபிள்யூ ஹைட்ரே என்ற இளம் நட்சத்திரத்தின் வட்டு, மற்றொன்று ஐஆர்சி+10216 என்ற முதிய கார்பன் நட்சத்திரம். இரண்டாவது நம் விஷயத்துக்கு நெருக்கம். முதலாவது எளிது. அதிலிருந்து தொடங்குங்கள்.

5. தரவை இறக்குவது

இங்கேதான் பலரும் மாட்டிக்கொள்கிறார்கள், கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன்.

அல்மா சயின்ஸ் போர்ட்டலில் ஆவணக் காப்பகம் என்ற பகுதி. கணக்குத் தொடங்க வேண்டாம். பொதுத் தரவை யாரும் எடுக்கலாம். ஒவ்வொரு தரவும் அதைக் கேட்டு வாங்கிய குழுவிடம் போய்ச் சேர்ந்து 12 மாதம் வரை அவர்களுக்கு மட்டும்தான், அதன்பின் உலகத்துக்கே சொந்தம். எல்2 பப்பிஸின் 2015 தரவு எப்போதோ திறந்துவிட்டது.

நட்சத்திரப் பெயரைப் போட்டுத் தேடுங்கள். வரும் பட்டியலில் பேண்ட் 7ஐ (நம் கோடுகள் விழும் அதிர்வெண் பட்டையை) மட்டும் வைத்துக்கொண்டு, கோணப் பிரிதிறன் என்ற நெடுவரிசையின்படி சிறியதிலிருந்து அடுக்குங்கள். 2ஆம் படியில் எழுதிய எண்கள் இப்போது உதவும். அடுத்து, அதிர்வெண் எல்லைக்குள் உங்கள் கோடு விழுகிறதா என்று பாருங்கள். கெர்வெல்லா குழு சுழற்சியை அளந்தது சிலிக்கான் 29 மோனாக்சைடின் 8-7 கோட்டில், 342.98 கிகாஹெர்ட்ஸில். கார்பன் மோனாக்சைடைவிட அது தெளிவாக வரும்.

இப்போது ‘எல்லாவற்றையும் இறக்கு’ என்ற பொத்தானை அழுத்தாதீர்கள். மூலத் தரவு, துணைக் கோப்புகள், தயாரான படங்கள் என மூன்று வகை அங்கே இருக்கும். மூலத் தரவு பல பத்து ஜிபிக்குப் போகும், விரித்தால் இன்னும் பெருகும். உங்களுக்கு முதலில் வேண்டியது தயாரான ஃபிட்ஸ் கியூப் மட்டும். அதை இறக்கும் முன்னமே காப்பகத்துக்குள்ளேயே கார்ட்டாவில் திறந்து பார்க்கும் வசதி இருக்கிறது. பார்த்துவிட்டு இறக்குங்கள்.

கோப்புப் பெயரில் ‘பிபிகோர்’ என்று இருந்தால், ஆன்டெனாவின் பார்வைப் புலத்துக்கு ஏற்ப ஒளி அளவு திருத்தப்பட்டது என்று பொருள். அளவெடுக்க அதுதான் சரி. பெயரில் ‘மாஸ்க்’ என்று இருப்பதைப் படம் என்று நினைத்து இறக்கிவிட்டு, ஒன்றும் பூஜ்யமுமாகத் தெரிகிறதே என்று குழம்ப வேண்டாம்.

சிக்கல் என்னவென்றால், 2015 காலத்துத் தரவுகளில் தயாரான படங்கள் எல்லாக் கோடுகளுக்கும் இருக்காது. சில திட்டங்களுக்கு மாதிரிக்கு ஒன்றிரண்டு மட்டும் வைத்திருப்பார்கள். பின்னால் ஐரோப்பியக் குழு ஒன்று ஏஆர்ஐ-எல் என்ற பெயரில் பழைய தரவுகளுக்குக் கூடுதல் படங்கள் செய்து சேர்த்தது. முதலில் அதைத் தேடுங்கள். அதுவும் இல்லையென்றால் மூலத் தரவிலிருந்துதான் வர வேண்டும். அதைத் திருத்த, அந்தக் காலத்துக் காசா பதிப்பே வேண்டும், அது இன்றைய உபுண்டுவில் முரண்டு பிடிக்கும். இதற்குக் குறுக்குவழி: அல்மா தளத்தில் இலவசக் கணக்குத் தொடங்கி, உதவி மேசைக்கு எழுதி, அளவுதிருத்தம் செய்த தரவைத் தாருங்கள் என்று கேளுங்கள். திட்ட எண்ணும் எந்த நட்சத்திரம் என்பதும் தெளிவாக இருக்க வேண்டும். ‘நான் மாணவன், உதவுங்கள்’ என்று மட்டும் எழுதினால் எதைக் கேட்கிறீர்கள் என்று அவர்கள் திரும்பக் கேட்பார்கள், அதில் ஒரு வாரம் போகும்.

நவம்பரிலேயே ஆரம்பியுங்கள் என்றது இதற்காகத்தான். உதவி மேசைப் பதிலுக்கு நாளாகும், பெரிய கோப்பு இரவு முழுக்க இறங்க வேண்டும், நம் பக்கம் அந்த மாதத்தில் புயல் என்றால் கரண்டும் இருக்காது, நெட்டும் இருக்காது. விட்ட இடத்திலிருந்து தொடரும் டவுன்லோடர் பயன்படுத்துங்கள். காப்பகமே அதற்கான ஸ்கிரிப்ட் தரும். பிரவுசரில் இறக்கினால் 90 சதவீதத்தில் அறுந்து மறுபடி முதலிலிருந்து வரும்.

புனே பக்கத்தில் ஜிஎம்ஆர்டி ரேடியோ தொலைநோக்கி இருக்கிறதே, நம் நாட்டுத் தொலைநோக்கியையே பயன்படுத்தினால் என்ன என்று கேட்கிறவர்கள் உண்டு. ஜிஎம்ஆர்டியின் மேல் எல்லை 1,450 மெகாஹெர்ட்ஸ். நம் கோடுகள் அதைப் போல் 200 மடங்குக்கும் மேலான அதிர்வெண்ணில் இருக்கின்றன. அதை வைத்து வேறு எத்தனையோ செய்யலாம், இந்த வேலை ஆகாது.

6. கியூபைத் திறந்து பார்ப்பது

கியூப் என்பது ஒவ்வொரு வேகத்துக்கும் ஒரு படம் என்று அடுக்கிய தொகுப்பு. கார்ட்டாவில் திறந்ததும் வேக அச்சைச் சரிபாருங்கள். மூன்று விஷயம்: ஓய்வு அதிர்வெண் (வாயு நகராமல் இருந்தால் வரும் அதிர்வெண்) உங்கள் கோட்டினுடையதா, ரேடியோ வழக்கத்தில், அதாவது அதிர்வெண் மாற்றத்தை வைத்துக் கணக்கிட்ட வேகமா, எல்எஸ்ஆர் சட்டகமா. மூன்றில் ஒன்று மாறினாலும் நடு வேகம் 33க்குப் பதில் வேறெங்கோ வந்து நிற்கும்.

பிறகு சேனல்களை ஒவ்வொன்றாக நகர்த்துங்கள். வட்டு ஏறக்குறைய கிழக்கு மேற்காகக் கிடக்கிறது. 33க்குக் குறைந்த வேகங்களில் ஒளி ஒரு பக்கமும், கூடிய வேகங்களில் மறுபக்கமுமாகத் தாவ வேண்டும்.

நடுவில் நட்சத்திரத்துக்கு நேரே கறுப்பாக ஒரு குழி தெரிந்தால் பயப்பட வேண்டாம். முன்னால் இருக்கும் வாயு நட்சத்திரத்தின் ஒளியை உறிஞ்சுகிறது. தொடர் ஒளியை (கோடுகள் இல்லாத அதிர்வெண்களிலும் நட்சத்திரம் விடும் ஒளியை) கழித்த கியூபில் அது எதிர்மறை மதிப்பாக வரும். அந்தப் பகுதியை அளவெடுப்பில் சேர்க்காதீர்கள்.

இன்னொன்று, ஆன்டெனாக்களைத் தூரத் தூரமாகப் பரப்பிய அமைப்பு நுணுக்கமானதைக் காட்டும், பரந்து கிடப்பதைத் தவற விடும். ஆகவே வட்டின் வெளிப்பகுதியில் ஒளி குறைவாகத் தெரிந்தால் ‘இங்கே வாயு இல்லை’ என்று எழுதாதீர்கள். வேகத்தை இது அதிகம் கெடுக்காது, வட்டின் மொத்த வாயு நிறையைச் சொல்லப் போனால் நிச்சயம் கெடுக்கும்.

7. இடம்–வேக வரைபடம்

மொத்த ப்ராஜெக்டும் இந்த ஒரு படத்தில் இருக்கிறது. வட்டின் நீள அச்சு வழியாக ஒரு கோடு போட்டு, அந்தக் கோட்டின் ஒவ்வொரு இடத்திலும் என்னென்ன வேகங்களில் ஒளி வருகிறது என்று வரைவது. கார்ட்டாவிலேயே செய்யலாம், காசாவிலும் இதற்குத் தனிக் கட்டளை உண்டு. நட்சத்திரத்தின் இடத்தைத் தொடர் ஒளிப் படத்தில் ஒரு காஸ்ஸியன் பொருத்தி எடுத்துக்கொள்ளுங்கள், கண்ணால் குறிக்க வேண்டாம். இந்தப் பிரிதிறனில் சில பிக்சல் பிசகினாலும் உள்வட்டத்தின் வேகங்கள் மாறிவிடும்.

படம் வந்ததும் எல்லோரும் செய்வது, ஒவ்வொரு இடத்திலும் ஒளி உச்சமாக இருக்கும் வேகத்தை எடுப்பது. விளிம்புப் பக்கமாகத் தெரியும் வட்டுக்கு அது தப்பு. நம் பார்வைக்கோடு வட்டுக்குள் நீளமாக ஊடுருவிப் போகிறது. வழியில் உள்ளும் வெளியுமாகப் பல தூரங்களில் இருக்கும் வாயுவும் ஒளியைச் சேர்க்கிறது. அவற்றில் நமக்கு நேராக ஓடுவது, பார்வைக்கோடு நட்சத்திரத்துக்கு மிக அருகே வரும் புள்ளியில் இருக்கும் வாயு மட்டும்தான். மிக அதிக வேகம் அதனுடையது. ஆகவே வரைபடத்தின் வெளி விளிம்பைப் பிடியுங்கள், உச்சத்தை அல்ல. சராசரி வேகப் படம், அதாவது மொமென்ட் 1, அறிக்கையில் சிவப்பும் நீலமுமாக அழகாக இருக்கும். அதை வைத்து நிறை கணக்கிட்டால் குறைவாகத்தான் வரும்.

விளிம்பு என்று எதைச் சொல்வது? இரைச்சலின் ஒரு குறிப்பிட்ட மடங்கு, 3 அல்லது 5, என்று முன்னாலேயே முடிவு செய்து அறிக்கையில் எழுதுங்கள். இரண்டு அளவுகளிலும் செய்து பார்த்து, நிறை எவ்வளவு மாறுகிறது என்று சொன்னால் இன்னும் நல்லது. பல அறிக்கைகளில் இல்லாதது இதுதான். சேனல் அகலமும் பீம் அகலமும் விளிம்பைக் கொஞ்சம் வெளியே தள்ளும் என்பதையும் மறக்க வேண்டாம்.

இப்போது இடம், வேகம் இரண்டையும் மடக்கை அச்சுகளில் போடுங்கள். வரும் கோட்டின் சரிவு மைனஸ் 0.5 என்றால் கெப்ளர் சுழற்சி, அதாவது நடு நிறையின் ஈர்ப்பு மட்டுமே ஆளும் சுழற்சி. சுமார் 6 வானியல் அலகு வரை அப்படித்தான் வர வேண்டும். அதற்கு அப்பால் வேகம் இன்னும் செங்குத்தாக, மைனஸ் 0.85 பக்கம், விழும். 6 என்பது தூசு வட்டின் உள் விளிம்பு இருக்கும் இடம். மொத்தத்துக்கும் ஒரே கோடு பொருத்தினால் இரண்டும் கலந்து அர்த்தமில்லாத ஒரு எண் கிடைக்கும்.

உள்பகுதியில் நிறை = (வேகம் ÷ 29.8)² × தூரம். உதாரணமாக 4 வானியல் அலகில் 12.1 கிலோமீட்டர் என்றால் 0.66 வருகிறது. வட்டின் சாய்வுக்கான திருத்தம் 82 பாகைக்கு 2 சதவீதம்தான், ஆனால் போட்டுக் காட்டுங்கள்.

8. இது சுழற்சிதானா?

ஒரு பக்கம் நெருங்குகிறது, மறுபக்கம் விலகுகிறது என்றால் சுழற்சி என்று எழுதிவிடத் தோன்றும். நம் திருவாதிரை நட்சத்திரத்தில் நடந்ததைப் பாருங்கள். 2018இல் அல்மா தரவை வைத்து அது நொடிக்கு ஏறக்குறைய 5 கிலோமீட்டர் வேகத்தில் சுழல்வதாகச் சொன்னார்கள். 2024இல் வேறொரு குழு, மேற்பரப்பில் பெரிதாகக் கொதிக்கும் வாயுக் குமிழ்களே மங்கலான பிரிதிறனில் அப்படித் தோன்றலாம் என்று கணினி மாதிரிகளில் காட்டியது.

எல்2 பப்பிஸில் நீங்கள் தப்பிப்பது, பல பீம் அகலத்துக்கு வட்டு விரிந்து கிடப்பதாலும், வேகம் தூரத்தோடு கெப்ளர் விதிப்படி குறைவதாலும்தான். இந்த இரண்டையும் அறிக்கையில் ஒரு பத்தியாக எழுதுங்கள். வேறு நட்சத்திரம் எடுத்தவர்கள் வெளியேறும் காற்று, இருபக்கப் பாய்ச்சல் ஆகியவற்றையும் சோதித்து ஒதுக்க வேண்டும்.

9. கண்ணாலும் ஒருமுறை பாருங்கள்

ப்ராஜெக்டுக்குத் தேவையில்லை, ஆனால் பைசா செலவில்லை. இது வடக்கே இருக்கிறவர்களுக்கு வாய்க்காத வசதி: புதுவை அட்சரேகையில் எல்2 பப்பிஸ் தெற்கே 33 பாகை உயரம் வரை ஏறும். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்த பிறகு, பிப்ரவரி இரண்டாம் வாரத்தில் இரவு 10 மணிக்கும், மார்ச் இரண்டாம் வாரத்தில் 8 மணிக்கும் நேர் தெற்கில் நிற்கும். அதற்கு முக்கால் மணி நேரம் முன்பே அகத்திய நட்சத்திரம் உச்சம் தாண்டியிருக்கும். அகத்தியரிலிருந்து இடது மேலாக, நீட்டிய கையின் ஒரு முஷ்டி அளவுக்குச் சற்று அதிகம் போனால் எல்2. அதற்கு 3 பாகை கிழக்கே சிக்மா பப்பிஸ் வெறும் கண்ணுக்கே தெரியும். எல்2 தன் தூசாலேயே 1990களில் மங்கிப்போனது, பைனாகுலர் எடுத்துக்கொள்ளுங்கள். 141 நாள் போல ஒரு சுற்றில் ஒளி கூடிக் குறையும். ராக் பீச்சின் விளக்குகளில் வேலைக்காகாது. தேவனாம்பட்டினத்தைத் தாண்டித் தெற்கே போனால் பரவாயில்லை.

ஆள் யாராவது கிடைத்தால் பேச வேண்டும் என்கிறவர்கள் லாஸ்பேட்டை கோளரங்கத்தில் தொடங்கலாம். வாணியம்பாடி அருகே காவலூரில் வைணு பாப்பு ஆய்வகத்தின் 2.34 மீட்டர் தொலைநோக்கியைப் பார்க்க ஒரு சனிக்கிழமையை ஒதுக்குங்கள். கல்லூரிக் குழுவாகப் போவதானால் முதல்வர் கடிதத்தோடு முன்கூட்டியே எழுதி அனுமதி வாங்குங்கள்.

10. காகிதங்களும் கைடும்

இயற்பியல் துறையில் வானியல் ஆசிரியர் இல்லாவிட்டாலும் ப்ராஜெக்டை எடுக்கலாம்: உள்ளே ஒருவர் கைடு, வெளி நிறுவனத்தில் ஒருவர் இணை கைடு. புதுவைப் பல்கலைக்கழகத்தின் கீழ் வரும் கல்லூரிக்கும், கடலூரில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கீழ் வரும் கல்லூரிக்கும் விதிமுறை ஒன்றாக இருக்கும் என்று எண்ண வேண்டாம். இணை கைடு அனுமதிக்கப்படுகிறாரா, யார் கையெழுத்துப் போட வேண்டும் என்பதைத் துறைத் தலைவரிடம் எழுத்தில் வாங்கிவிடுங்கள்.

வெளியே எழுதும்போது பெங்களூரு இந்திய வான் இயற்பியல் நிறுவனம், புனே ஐயுகா, அகமதாபாத் பிஆர்எல், திருவனந்தபுரம் ஐஐஎஸ்டி ஆகியவற்றின் ஆசிரியர் பக்கங்களைப் பார்த்து, முதிய நட்சத்திரங்களிலோ ரேடியோ வானியலிலோ வேலை செய்கிறவருக்கு மட்டும் மெயில் அனுப்புங்கள். ஐம்பது பேருக்கு ஒரே மெயிலை அனுப்பினால் ஒருவரும் பதில் போடமாட்டார். ‘மதிப்பிற்குரிய ஐயா, எனக்குச் சிறுவயது முதல் வானியலில் ஆர்வம்’ என்பதை விட்டுவிட்டு, நீங்களே வரைந்த இடம்–வேக வரைபடத்தை ஒரு பக்கத்தில் இணையுங்கள். ஆகவேதான் இது 10ஆவது படி.

கையில் இருக்க வேண்டியவை: போனஃபைடு சான்றிதழ், துறைத் தலைவரின் ஆட்சேபனையின்மைக் கடிதம், எல்லா செமஸ்டர் மதிப்பெண் பட்டியல்கள், ஆதார் நகல், இரண்டு பரிந்துரைக் கடிதங்கள், ஒரு பக்கத் திட்டக் குறிப்பு. போனஃபைடை முன்னாலேயே வாங்கி வைக்காதீர்கள். பழைய தேதி போட்டதை ஏற்கமாட்டார்கள். பரிந்துரை தரும் ஆசிரியருக்கு மூன்று வாரம் முன்பே சொல்லுங்கள். செமஸ்டர் தேர்வு நடக்கும் நவம்பரிலும் ஏப்ரலிலும் கல்லூரி அலுவலகத்தில் எந்தக் காகிதமும் நகராது.

அப்புறம், பெயர். மதிப்பெண் பட்டியலில் இனிஷியல், ஆதாரில் அப்பா பெயர் முழுசாக, பாஸ்போர்ட்டில் அதுவே குடும்பப் பெயராக. விண்ணப்பத்தில் எதை எழுதினாலும் கடைசி வரை அதையே எழுதுங்கள். உதவித்தொகை வங்கிக் கணக்குக்கு வரும்போது இந்த வித்தியாசத்தால் மாதக்கணக்கில் நின்றுபோகும்.

கோடைக்கால ஆய்வு வாய்ப்புகளுக்கு மூன்று இந்திய அறிவியல் அகாதமிகள் சேர்ந்து நடத்தும் திட்டம், ஐயுகாவின் விடுமுறை மாணவர் திட்டம் இரண்டும் உண்டு. ரேடியோ வானியலுக்கென்று ஐயுகாவும் புனேயிலுள்ள ரேடியோ வானியல் மையமான என்சிஆர்ஏவும் சேர்ந்து டிசம்பர் வாக்கில் நடத்தும் குளிர்காலப் பள்ளி இருக்கிறது. அக்டோபரிலிருந்தே அந்தத் தளங்களை வாரம் ஒருமுறை பாருங்கள். இவற்றில் எதற்கும் பதிவுக் கட்டணம் என்று ஆயிரக்கணக்கில் கேட்கமாட்டார்கள். ‘விண்வெளி இன்டர்ன்ஷிப், சான்றிதழ் உறுதி’ என்று பணம் கேட்கும் விளம்பரங்களை என் கூடப் படித்தவர்கள் நம்பிக் கட்டினார்கள். கிடைத்தது ஒரு பிடிஎஃப்.

11. எழுதி முடித்த பிறகு

விடை தெரிந்த கணக்கை மறுபடி போட்டதற்குக் கட்டுரை வெளியாகாது, அதை எதிர்பார்க்கவும் வேண்டாம். அதே தரவில் யாரும் அலசாத இன்னொரு கோட்டை எடுத்து, அதன் வேகம் எங்கே கெப்ளரிலிருந்து விலகுகிறது என்று ஒப்பிட்டால் புதிதாக ஏதாவது சொல்ல இருக்கும். அந்த நிலைக்கு வந்தால் எந்த இதழ் என்ற கேள்வி வரும். லண்டன் ராயல் வானியல் சங்கத்தின் மன்த்லி நோட்டிசஸ் 2024 முதல் ஆசிரியரிடம் கட்டணம் வாங்குகிறது. 2,000 பவுண்டைத் தாண்டும். இந்திய அறிவியல் அகாதமியின் வான் இயற்பியல் இதழில் வழக்கமான முறையில் அனுப்பினால் கட்டணம் இல்லை. ஒரு வாரத்தில் வெளியிடுகிறோம், இவ்வளவு கட்டுங்கள் என்று மெயில் அனுப்பும் ‘பன்னாட்டு’ இதழ்களுக்குப் பதில்கூடப் போட வேண்டாம்.

கட்டுரையோ ப்ராஜெக்ட் அறிக்கையோ, கடைசியில் அல்மா தரவுக்கான நன்றி வாசகத்தைத் திட்ட எண்ணோடு அப்படியே சேர்க்க வேண்டும். வாசகம் அல்மா தளத்திலேயே இருக்கிறது, தரவைப் பயன்படுத்துவதற்கு அது நிபந்தனை. திட்ட எண் நீங்கள் இறக்கிய கோப்பின் ரீட்மீ பக்கத்தில் இருக்கும். இறக்கிய அன்றே அதை நோட்டில் எழுதிவிடுங்கள். கோப்புகளின் பெயரை மாற்றி அடுக்கிய பிறகு தேடினால் எது எந்தத் திட்டத்துடையது என்று தெரியாமல் போகும்.